கோடையில் மலைப்பாதை மலர்கள்: ஊர்தோறும் ஓர் அடங்கல் வேண்டும்

சித்திரை, வைகாசி மாதங்களில் சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சி மலையேறுவோர் தொகை ஆண்டுக்காண்டு மிகுந்து வருகின்றது. 1848ஆம் ஆண்டில் அமைக்கத் தொடங்கப்பெற்ற உதகமண்டலம் தாவரவியல் பூங்காவில் மே மாதந்தோறும் நடைபெறும் மலர்க்காட்சிக்குக் கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள், நம் மக்களுக்கு மலர்மீதுள்ள பிரியம் குறைந்துவிட்டதென்று சொல்லமாட்டார்கள். ஆயினும், அதே மாதத்தில் அதே மலையின் ஒற்றையடிப் பாதைகளின் ஓரத்தில், யாரும் நீர் ஊற்றாமல் தாமே மலர்ந்து நிற்பவை எவை என்று கேட்டால், விடை சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. பட்டணத்துப் பிரயாணி அவற்றை அறியாதிருப்பது பெரிய குறையன்று. அம்மலையிலேயே நிலமும் வீடும் உடைய மிராசுதாரும், ஊரின் எல்லைக் கற்களையும் புல எண்களையும் மனப்பாடமாக அறிந்த கிராம அதிகாரியும் அறியாதிருப்பதே வருந்தத்தக்கது.

இவ்விஷயத்தில் எனது அபிப்பிராயம் இதுவே: மலைக் கிராமம் ஒவ்வொன்றும், தன் எல்லைக்குட்பட்ட பாதைகளில் கோடையில் மலரும் காட்டுப் பூக்களைக் கண்டு, பெயரறிந்து, நாளும் இடமும் குறித்து ஒரு பதிவு வைத்துவரல் வேண்டும். பயிருக்கு அடங்கல் எழுதுகிறோம். மலருக்கும் ஓர் அடங்கல் எழுதுவோம். இதனால் நிலத்துக்கும் நீருக்கும் மாட்டுக்கும் தோட்டத்துக்கும் விளையும் நன்மை பெரிது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

“பூப்பார்ப்பது வேலையற்றோர் பொழுதுபோக்கு, குடியானவனுக்கு அதனால் என்ன பயன்?” என்று சிலர் கேட்கலாம். இந்நாட்டு மலைப்பூக்களைப் பற்றிய நூல்களை நமக்கு விட்டுச்சென்றவர்களில் முதன்மையான ராபர்ட் வைட் என்பவரின் வரலாறே இதற்குத் தக்க விடையாகும். 1819ஆம் ஆண்டில் மருத்துவராகச் சென்னை வந்த இவர், ரங்கையா, கோவிந்து என்னும் இந்நாட்டு ஓவியர்களைக்கொண்டு ஈராயிரத்துக்கு மேற்பட்ட செடிகளின் படங்களை வெளியிட்டார். நீலகிரிச் செடிகளுக்கெனத் தனி நூலும் செய்தார். இவரே 1842 முதல் 1853 வரையில் கோயமுத்தூரில் பருத்திச் சாகுபடிப் பரிசோதனைகளை நடத்தியவர். பருத்திச் செடியை ஆராய்ந்த கண்ணும் மலைப்பூவை ஆராய்ந்த கண்ணும் ஒன்றேயாம். பின்னர், சென்னைப் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் பைசன் என்பார் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் செடிகளைப் பற்றி 1915 முதல் 1920 வரையில் நூல் வெளியிட்டார். திருச்சிராப்பள்ளி ராபினட் தாவர நிலையத்தைச் சேர்ந்த மாத்யூ பாதிரியார் பழனி மலைச் செடிகளைப் பற்றி 1999இல் விரிவான நூல் தந்தார். அறிஞர்கள் தம் கடமையைச் செய்துவிட்டனர். அவ்வறிவு மலைச்சரிவில் உழுகிறவர் கைக்கு வந்துசேரவில்லை என்பதே மிச்சமுள்ள குறை.

முதலாவது, மலைக்கே உரிய கோடைமலர்களில் எளிதில் அடையாளங் காணத்தக்க சிலவற்றை, அடிவாரத்திலிருந்து உச்சிவரையில் வரிசையாகக் காண்போம். அடிவாரக் காடுகளில் மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்த கிளைகளில் நெருப்புத் துண்டுகள் போல் பூப்பது புரசு. சித்திரையில் பொற்சரமாகத் தொங்குவது சரக்கொன்றை. ஓடையோரங்களில் சித்திரை, வைகாசியில் ஊதாநிறக் கொத்தாக நிற்பது பூமருது. முதற் கோடைமழை பெய்த சில நாட்களில், நேற்றுவரை வெறும் மண்ணாயிருந்த இடத்தில், சிறு பனங்கன்று போன்ற இலைகளுக்கிடையே தரையோடு தரையாக ஆறிதழ் மஞ்சட்பூ ஒன்று தோன்றும், அது நிலப்பனை. அதன் கிழங்கு மருந்துக்குரியது என்பதைப் பலரும் அறிவர். அதன் பூவை அறிந்தவர் சிலரே. ஏனெனில், குனிந்து பார்ப்போர்க்கன்றி அது கண்ணிற்படாது.

நடுமலையில் பழைய மரங்களின் கிளைகளை அண்ணாந்து நோக்க வேண்டும். வைகாசியில் நரியின் வாலைப்போல் இளஞ்சிவப்புப் புள்ளியிட்ட பூங்கொத்தைத் தொங்கவிடும் ஆர்க்கிட் செடியை அங்கே காணலாம். குடியானவர்கள் இதனைப் புல்லுருவியென்று கருதி வெட்டியெறிவதைப் பல தோட்டங்களில் கண்டிருக்கிறேன். இஃது அறியாமையால் நேர்வது. புல்லுருவி மரத்தினுள் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உண்ணும். ஆர்க்கிட் அவ்வாறன்று, மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, மழைநீரையும் பட்டையிற் படிந்த மக்கையும் கொண்டு தானே பிழைக்கும். மரத்துக்கு அதனால் யாதொரு நஷ்டமுமில்லை.

உச்சிப் பகுதியில், சோலைகளின் ஓரத்திலும் புல்வெளியிலும் முறுக்கிய தண்டுடன் நின்று, செக்கச்சிவந்த பூக்கொத்துக்களைத் தாங்குவது காட்டுப்பூவரசு. கோடை தொடங்குமுன்பே மலர ஆரம்பித்துச் சித்திரைவரையில் இதன் பூக்களைக் காணலாம். இதன் தடித்த பட்டை ஓரளவு தீயைத் தாங்கவல்லது. ஆகையால், பிற மரங்கள் நில்லாத புல்வெளியிலும் இது நிற்கின்றது. இளஞ்சிவப்பு நிறத்தில் ஐந்திதழ்ப் பூவாய் மலர்ந்து, பின்பு கருநீலக் கனிதரும் புதர் தவிட்டுப்பழச் செடி. மஞ்சட் பூவும் கூரிய முள்ளும் உடையது ஊசிக்களா. இவை மூன்றும் இருக்குமிடம் பழைய மலைநிலம் என்பதற்கு நல்ல சாட்சிகளாம்.

குறிஞ்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கோடையில் வருவோர் பலர் நீலக்குறிஞ்சியைக் காட்டும்படி கேட்கின்றனர். அது பன்னீராண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையில் கூட்டமாக மலர்ந்து, விதையிட்டு மடிவது. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு மலர்ந்தது. அடுத்தது 2030ஆம் ஆண்டில் எதிர்பார்க்கப்படுகிறது. பளியர் குடியினர் அதன் பூப்பைக்கொண்டு வயதைக் கணக்கிட்டதாகச் சொல்வர். இப்பொழுது சரிவுகளில் நிற்பவை 2018இன் விதையிலிருந்து முளைத்துப் பச்சையாய் வளர்ந்துவரும் புதர்களே. பூவில்லாத காலத்தில் அப்புதரை அடையாளங் கண்டுகொள்பவனே அதனைக் காப்பாற்றக் கூடியவன். பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து ஒருமுறையே விதையிடும் செடியை, விதையிடுமுன் களையென்று வெட்டினாலோ தீயிட்டாலோ, அச்சரிவில் அதன் வமிசமே முடிந்துவிடக்கூடும்.

இனி ஆக்கிரமிப்பாளரைக் காண்போம். புறம்போக்கில் எவரேனும் குடிசையிட்டால் கிராம அதிகாரி உடனே அறிவார். மலர்க்கோலம் பூண்டு வந்த ஆக்கிரமிப்பு மட்டும் நூறாண்டுக்கு மேலாகியும் பலர் கண்ணுக்குப் புலப்படவில்லை. நீலகிரிச் சரிவுகளில் கோடையில் பொன்னிறமாகப் பரந்து, பிரயாணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சட்புதர் பெரும்பாலும் ஸ்காச் புரூம் எனப்படும் அயல்நாட்டுச் செடியாகும். அதனோடு உறவுடையதும் உடல் முழுவதும் முள்ளாயிருப்பதும் கார்ஸ் என்பது. இரண்டும் ஐரோப்பாவிலிருந்து ஆங்கிலேயரால் கொணரப்பெற்று வேலியைத் தாண்டி ஓடியவை. சதுப்புக்களில் வெண்ணிறப் புனல் போன்று பூக்கும் ஆரம் லில்லி தென்னாப்பிரிக்காவுக்குரியது. அடிவாரத்திலும் நடுமலையிலும் பாதையின் இருபுறத்தையும் அடைத்துக்கொள்ளும் உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இவை யாவும் பூவின் அழகுக்காகவோ வேலிக்காகவோ வரவேற்கப்பட்டவை. அழகின் காரணமாகவே இன்றும் மன்னிக்கப்படுகின்றவை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மஞ்சட்பூ என்று கண்டதையெல்லாம் பிடுங்கிவிடலாகாது. நம் மலைக்குரிய கிலுகிலுப்பையும் புரூமைப் போலவே அவரைப்பூ வடிவுள்ள மஞ்சட்பூ உடையது. இரண்டையும் பிரித்தறியும் வழி எளிது. புரூமின் கிளை பச்சையாய், நெடுங்கோடுகள் உடையதாய், விளக்குமாறு போல் நேராக நிற்கும், இலை மிகச் சிறிது, முள் இல்லை, காய் தட்டையாய், முற்றியபின் கறுத்து, ஓரத்தில் மயிர் உடையதாயிருக்கும். கிலுகிலுப்பையின் காய் உப்பியிருக்கும். உலர்ந்தபின் அசைத்தால் உள்ளே விதை ஒலிக்கும். மற்றொரு மலைப்புதரான ஹைப்பெரிக்கத்தின் மஞ்சட்பூவோ ஐந்து இதழ்களும் ஒரே அளவாய் விரிந்து, நடுவில் மகரந்தத் தாள்கள் கற்றையாக நிற்கும். அவரைப்பூவின் சாயல் அதற்குச் சிறிதுமில்லை. உண்ணிச்செடியை நாற்பட்டைத் தண்டு, முள், கசக்கினால் வீசும் கடுநாற்றம், ஒரே கொத்தில் இருநிறப் பூ ஆகியவற்றால் அறியலாம். இவ்வளவையும் ஒரு முறை நேரிற் பார்த்துக் கற்றுக்கொண்டால் பின்னர் மறவாது.

இவ்வாக்கிரமிப்பினால் வரும் நஷ்டம் யாது? முதலாவது, புல்வெளி. நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் சோலையும் புல்வெளியும் சேர்ந்தே மழையைத் தாங்கிச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றன. நீலகிரியிலிருந்து பவானியாற்றுக்கும் மோயாற்றுக்கும், பழனி மலையிலிருந்து வராக நதிக்கும் மஞ்சளாற்றுக்கும் நீர் வருவது இம்மலைத்தலைகளிலிருந்தே. ஆகவே, மலையின் பூவுக்கும் கீழ்நாட்டு வாய்க்காலுக்கும் தொடர்பில்லை என்று சமவெளி மிராசுதாரும் சொல்லவியலாது. புல்வெளிகளில் சீகைமரமும் நீலத்தைல மரமும் நடப்பட்டதனால் அவை பெரிதும் சுருங்கின. பழனி மலையில் மட்டும் 1973க்கும் 2014க்கும் இடையே பாதிக்கு மேற்பட்ட புல்வெளி அழிந்ததெனச் செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு ஆராய்ந்தோர் கண்டனர். எஞ்சிய புல்வெளியில் புரூமும் கார்ஸும் நுழைந்தால் புல்லுக்கு இடமில்லை. புல்லில்லையேல் எருமைக்கும் பசுவுக்கும் மேய்ச்சலில்லை. அன்றியும், கார்ஸ் எண்ணெய்ப்பசை உள்ளதாகையால் கோடையில் எளிதிற் பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, கால்நடை. உண்ணிச்செடியை மாடு சாதாரணமாகத் தின்னாது. தீவனம் அரிதாகும் கோடையில், பசி மிகுதியால் வாய் வைத்துவிடும். இரண்டொரு நாளில் சாணம் இறுகும், கண் மஞ்சளாகும், வெயிலில் நின்றால் மூக்கும் காதும் சிவந்து தோல் உரியும். வெயிற்சூடு என்று எண்ணிக் கைவைத்தியம் செய்து காலம் போக்கியதால் கறவைப்பசு இழந்த வீடு ஒன்றை என் வட்டத்திலேயே அறிவேன். அம்மாட்டின் கட்டுத்தறிக்குப் பின்னால் உண்ணிச்செடி ஆளுயரம் பூத்து நின்றது. இக்குறிகளைக் கண்டவுடன் மாட்டை நிழலிற் கட்டிக் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். அதனினும் நன்று, கட்டுத்தறியையும் மேய்ச்சற் பாதையையும் அடுத்துள்ள அச்செடியை வேரோடு அகற்றுதல்.

மூன்றாவது, தேனீ. ஏலப்பூ ஒரு நாளே விரிந்திருக்கும். அன்று தேனீ வாராவிடின் காய் இல்லை. ரோபஸ்டா காப்பி தன் மகரந்தத்தால் காய் பிடிப்பதில்லை. வேறு செடியின் மகரந்தம் காற்றினாலோ தேனீயினாலோ வந்துசேர வேண்டும். காப்பி பூமழைக்குப் பின் சில நாட்களே பூக்கும். அது முடிந்தபின் தேனீ எதை உண்டு வாழும்? பாதையோரத்துக் காட்டுப்பூக்களையே அது நம்பியிருக்கின்றது. ஆண்டு முழுவதும் முன்னும் பின்னுமாகப் பல இனம் பூக்கும் ஓரம் இருந்தால் தேனீக் கூட்டம் நிலைத்திருக்கும். தோட்டத்து விளிம்பைச் சுத்தம் செய்கிறோம் என்று எல்லாவற்றையும் ஒருங்கே மருந்தடித்துக் கருக்குவோர், காய்க்கவேண்டிய கிளையையே கருக்குகின்றனர் என்பது என் துணிபு.

“உருளைக்கிழங்கும் தேயிலையும் காப்பியும் அயல்நாட்டவைதாமே, அவற்றையும் பிடுங்குவதோ?” என்று ஒரு பெரிய குடியானவர் என்னைக் கேட்டதுண்டு. நியாயமான கேள்வியே. அவை பயிரிட்ட வயலில் நிற்பவை. வேலி தாண்டிக் காட்டை அடைத்துக்கொள்வதில்லை. மலைச்சாலைகளில் பங்குனி, சித்திரையில் நீலமாகப் பூக்கும் ஜக்கரண்டாவும் தென்னமெரிக்காவினதே. நட்ட இடத்தில் பெரும்பாலும் நிற்பதால் அதனோடு நமக்கு அவசர வழக்கில்லை. வந்தவரெல்லாம் பகைவரல்லர், வரம்பு மீறியவரே ஆக்கிரமிப்பாளர். உண்ணிப்பூவிலும் வண்ணத்துப்பூச்சி தேனுண்ணும் என்பதும், அதன் தண்டைக்கொண்டு ஆதிவாசி மக்கள் நாற்காலியும் மேசையும் செய்து பிழைக்கின்றனர் என்பதும் உண்மை. அகற்றிய செடியை அவ்வாறு பயன்படுத்துவது போற்றத்தக்கது. அதன்பொருட்டு அதை வளரவிடுவது தகாது.

எவ்வாறு அகற்றுவது என்பதிலும் முறை உண்டு. புரூமின் காய் வெயிலில் வெடித்து விதையைத் தெறிக்கும். விதை பல்லாண்டு மண்ணில் உயிரோடிருக்கும். ஆகையால், பூத்திருக்கும்போதே, காய் முற்றுமுன் எடுத்துவிடல் வேண்டும். கோடைமழை பெய்து மண் நெகிழ்ந்த மறுநாள் இளஞ்செடிகளை வேரோடு பிடுங்குவது எளிது. ஓராண்டு செய்து விட்டுவிடுவதால் பயனில்லை. அதே இடத்தை ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும். இவ்வேலை அவரவர் பட்டா நிலத்தில் மட்டுமே செய்தற்குரியது. வன எல்லைக்குள் கண்டால் இடத்தைக் குறித்து வன இலாகாவுக்கு அறிவித்தலே முறை.

மலைக்குரிய பூக்களைப் பொறுத்தவரையிலோ, பார்ப்பதோடு நிற்றல் வேண்டும். ஆர்க்கிட் செடியைப் பெயர்த்துச் சமவெளி வீட்டுக்குக் கொண்டுபோவோர் அதைச் சாகக் கொண்டுபோகின்றனர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட செடிகளின் அட்டவணையில் நீலக்குறிஞ்சியும் இப்பொழுது சேர்க்கப்பட்டிருப்பதால், அதைப் பிடுங்குதல் தண்டனைக்குரிய குற்றமாகும். வருவோர்க்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டியவர் அவ்வூராரே.

பாதையில் நடப்பதிலும் ஜாக்கிரதை தேவை. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் தேதி தேனி ஜில்லாக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோர் இருபதுக்கு மேற்பட்டவர் உயிரிழந்ததை மறத்தலாகாது. அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் ஏற்பட்டன. 2024 அக்டோபரில் வன இலாகாவின் மேற்பார்வையில் 40 பாதைகள் வழிகாட்டியுடன் செல்லுமாறு திறக்கப்பெற்றன. காட்டுத்தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படும்போது மலர் பார்க்கும் ஆசையால் குறுக்குவழி புகுதல் கூடாது. திறந்த பாதையிலும் காலை வேளையே நன்று. தடத்தை விட்டு விலகாமல் இருபுறமும் நோக்கிச் சென்றாலே போதும். பீடித்துண்டு ஒன்றும் புல்வெளியில் விழலாகாது.

இனி, மலர் அடங்கல் எழுதும் முறை. சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, பாதையின் பெயர், புல எண் அல்லது அடையாளம், பூவின் நிறமும் இதழ்த்தொகையும், இலை தண்டில் எதிரெதிராகவோ மாறிமாறியோ நிற்பது, முள் உண்டா இல்லையா, எவ்வகைத் தேனீ அல்லது வண்டு வந்தது, ஊரில் வழங்கும் பெயர் ஆகிய பத்திகள் இருத்தல் வேண்டும். கடைசிப் பத்தியில் ‘மலைக்குரியது’, ‘விருந்து’, ‘ஆக்கிரமிப்பு’ என மூன்றிலொன்றை எழுதுக. பூ, இலையின் முன்புறம், பின்புறம், முழுச்செடி என நான்கு படங்களைக் கைப்பேசியில் எடுத்து வைக்கலாம். கைப்பேசியே சொல்லும் பெயரை அப்படியே நம்பிவிடாமல், முதலில் ஊர்ப் பெரியோரையும், தோடர், பளியர் போன்று தலைமுறை தலைமுறையாக அக்காட்டை அறிந்தவரையும் கேட்டறிதல் நலம். ஐயமுள்ளவற்றின் படங்களைக் கோயமுத்தூரில் விவசாயப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள இந்தியத் தாவர ஆய்வு நிலையத்துக்கு அனுப்பித் தெளியலாம்.

ஐந்தாண்டு தொடர்ந்து எழுதிய அடங்கல், எந்தப் பூ எவ்வளவு முன்னோ பின்னோ மலர்கிறது, எது புதிதாக நுழைந்தது, எது காணாமற் போயிற்று என்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். புது ஆக்கிரமிப்பு பத்துச் செடியாக இருக்கும்போதே கண்டால் ஒரு முற்பகலில் இருவர் தீர்த்துவிடலாம். பத்து ஏக்கரான பின்னர்க் கண்டால் சர்க்காராலும் எளிதில் இயலாது. இதுவே இப்பதிவின் முழு இலாபம்.

கிராம அதிகாரிகள் இதனைத் தம் புல ஆய்வோடு சேர்த்துச் செய்யலாம். பள்ளி ஆசிரியர்கள் விடுமுறையிலுள்ள பிள்ளைகளைப் பெரியவர் துணையோடு அழைத்துச் செல்லலாம். நிலமுடையோர் தம் தோட்டத்துப் பாதையோரத்தில் இரண்டு கெஜ அகலம் மலைக்குரிய செடிகளை விட்டுவைக்கலாம். எவர்க்கும் இதில் செலவில்லை. வேண்டுவது கண்ணும் சிரத்தையுமே. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, வருகின்ற சித்திரையிலேயே நம் மலைக் கிராமங்கள் இதனைத் தொடங்குவனவாக. அடையாளம் காட்ட உதவி வேண்டுவோர் அந்தந்த வட்டத்து விவசாய இலாகாவைக் கேட்டுப் பார்க்கலாம்.